மின்னணுப் போர்க் கருவி ஆர்டர்: விலை சொல்வதற்கு முன் ஐசிடியைக் கேட்டு வாங்குங்கள்

அம்பத்தூரிலும் கிண்டியிலும் சேஸிஸ் (கருவியின் உலோகப் பெட்டி), பிசிபி (சர்க்யூட் போர்டு) அசெம்பிளி, கேபிள் ஹார்னஸ் செய்துவரும் சிறு நிறுவனங்கள் இப்போது ராணுவ ஆர்டர்களுக்கும் விலைப்புள்ளி கொடுக்கின்றன. அதில் மின்னணுப் போர்க் கருவிகள் தனி ரகம். எதிரி ரேடாரை ஒட்டுக்கேட்கும் ஈஎஸ்எம் ரிசீவரையும் அதைக் குழப்பும் ஜாமரையும் தயாரிப்பதைவிட, கப்பலிலோ வண்டியிலோ மற்ற கருவிகளோடு இணைப்பதில்தான் அதிகம் கை சுடுகிறது. இந்த இணைப்பு விவரங்களைச் சொல்லும் ஆவணமே ஐசிடி (இன்டர்ஃபேஸ் கன்ட்ரோல் டாக்குமென்ட்). அது கையில் இல்லாமல் விலை சொல்லாதீர்கள்.

ஈஎஸ்எம் ஆன்டெனாவுக்குச் சில மீட்டர் தள்ளியே கப்பலின் சொந்த ரேடார் கிலோவாட் கணக்கில் ரேடியோ அலைகளை வீசிக்கொண்டிருக்கும். ரிசீவர் தேடும் சிக்னலோ அதைவிடப் பல கோடி மடங்கு மெலிது. அதனால் ரேடார் ஒவ்வொரு பல்ஸ் (அலைத் துடிப்பு) விடும்போதும் ரிசீவருக்கு ஒரு பிளாங்கிங் சிக்னல் போக வேண்டும். அந்தச் சில மைக்ரோ விநாடிகள் ரிசீவர் காதைப் பொத்திக்கொள்ளும். அதன் வோல்டேஜ் என்ன, 50 ஓம் லைனா, பல்ஸுக்கு எவ்வளவு முன்னால் வரும், கேபிள் யார் பொறுப்பு என்பதெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். ரேடாரும் ஈஎஸ்எம்மும் வேறு வேறு ஒப்பந்தத்தில் வந்தால் இது யார் கணக்கிலும் வராமல் துறைமுகச் சோதனைவரை ஒளிந்திருக்கும். கடைசியில் செலவு எல்லாவற்றையும் இணைக்கும் இன்டக்ரேட்டர் தலையிலும், அங்கிருந்து சப்-வெண்டர் தலையிலும் விழும்.

ரிசீவரின் உணர்திறன் (எவ்வளவு மெலிந்த சிக்னலைப் பிடிக்கும் என்பது) எந்த இடத்தில் அளக்கப்படும் என்பதையும் கேளுங்கள். ஆன்டெனா முனையிலா, ரிசீவர் வாயிலிலா? 18 கிகாஹெர்ட்ஸில் கேபிளும் கனெக்டரும் சேர்ந்து 3 டெசிபெல் தின்றால் ஈஎஸ்எம் கண்டறியும் தூரம் ஏறத்தாழ 30 சதவீதம் குறையும். மேஜையில் பாஸ், கப்பலின் மாஸ்டில் (கம்பத்தில்) ஏற்றியதும் ஃபெயில் என்று தகராறு கிளம்புவது பல நேரம் இதனால்தான்.

சேஸிஸ் செய்பவர்களுக்கு: அமெரிக்க ராணுவத் தர விதியான மில்-ஸ்டாண்டர்ட் 464 படி, ஒன்றோடொன்று பொருந்தும் இரு உலோகப் பரப்புகளுக்கு இடையே மின்தடை 2.5 மில்லி ஓமைத் தாண்டக்கூடாது. டிராயிங்கில் 'மாஸ்க்' (இங்கே பூச வேண்டாம்) குறிப்பு இல்லையென்றால் பவுடர் கோட்டிங் செய்பவர் மூடியின் விளிம்பு, மவுண்டிங் கால், கனெக்டர் உட்காரும் இடம் என்று எல்லாவற்றிலும் அடித்துவிடுவார். மூடியின் இடுக்கை அடைக்கும் கேஸ்கெட் பெயின்ட் மேல் உட்கார்ந்தால் அந்த இடுக்கு வழியே கதிர்வீச்சு கசியும். கருவியிலிருந்து வெளியேறும் கதிர்வீச்சை அளக்கும் ஆர்இ102 சோதனையில் மாட்டிக்கொள்வீர்கள். பிறகு உப்புத்தாளால் தேய்த்துச் சமாளிப்பது தீர்வாகாது. வெற்று அலுமினியத்தில் ஆக்சைடு படியும், நம் கடற்காற்றில் அரிப்பும் சேரும். அந்த இடங்களுக்கு மட்டும் மின்சாரம் கடத்தும் வகை குரோமேட் பூச்சு போட்டு, சரக்கு வந்ததும் நான்கு முனை மில்லி ஓம் மீட்டரால் ஒவ்வொரு பொருத்தையும் அளந்து பதிவு செய்யுங்கள்.

தரமணியில் உள்ள மத்திய அரசின் சமீர் ஆய்வு மையத்தில் இஎம்ஐ-இஎம்சி (மின்காந்தக் குறுக்கீடு) சோதனை வசதி இருக்கிறது. சோதனை அறையான சேம்பருக்குப் போகும்போது களத்தில் போடப்போகும் அதே கேபிளையே கொண்டுபோங்கள். இந்தச் சோதனைகளுக்கான மில்-ஸ்டாண்டர்ட் 461ஜி சொல்லும் அமைப்பில் கேபிள் தரைத்தகட்டிலிருந்து 5 செ.மீ. உயரத்தில், குறைந்தது 2 மீட்டர் முன்விளிம்புக்கு இணையாக ஓடும்; கசிவு பெரும்பாலும் அதிலிருந்துதான் வரும். நல்ல ஷீல்டு போட்ட இரவல் கேபிளில் வாங்கிய பாஸ் செல்லாது. டெஸ்ட் பிளானிலும் தர உறுதி அதிகாரியின் ஒப்புதலை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள்.

கொள்முதல் பக்கம் இருப்பவர்களுக்கு ஒன்று. எதிரி ரேடார்களின் அலைவரிசை, பல்ஸ் அகலம், பல்ஸ் இடைவெளி எல்லாம் அடங்கிய லைப்ரரியை வைத்துத்தான் கருவி ரேடாரை அடையாளம் காணும்; அதை நாமே மாற்ற முடிய வேண்டும். ஒவ்வொரு திருத்தத்துக்கும் வெளிநாட்டுத் தயாரிப்பாளரிடம் போய் நிற்க வேண்டுமென்றால், புது ரேடார் ஒன்று களத்துக்கு வந்த அன்றே கருவி பழசு. பாதுகாப்புக் கொள்முதல் நடைமுறையான டிஏபி 2020-இன் இந்திய-ஐடிடிஎம் (உள்நாட்டிலேயே வடிவமைத்து, உருவாக்கி, தயாரித்தது) பிரிவு குறைந்தது 50 சதவீத உள்நாட்டுப் பங்கைக் கேட்கிறது. ஆனால் அந்தச் சதவீதம் விலையை வைத்துக் கணக்கிடப்படுவது; லைப்ரரியின் சாவி யாரிடம் என்பதை அது சொல்லாது. லைப்ரரி எழுதும் மென்பொருள், ஃபைல் ஃபார்மட், பயிற்சி மூன்றையும் விலைப்புள்ளி கேட்கும் ஆவணமான ஆர்எஃப்பியிலேயே தனித்தனி வரியாகக் கேளுங்கள். ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு கேட்டால், அதற்குத் தனி விலை வைப்பார்கள்.