ராத்திரி ரோந்தில் முகத்தைப் படம் பிடித்தால் என்ன கேட்பது?

காட்பாடி ஜங்ஷனில் கடைசி ரயிலைவிட்டு இறங்கி நடப்பவரையும், மண்டித் தெருவில் மூட்டை இறக்கிவிட்டு டீ குடிப்பவரையும் ரோந்துப் போலீஸ் நிறுத்துகிறது. பேர், ஊர் விசாரித்தபின் செல்போன் முகத்துக்கு நேராக வருகிறது. தமிழகக் காவல்துறை 2021 அக்டோபரில் தொடங்கிய முக அடையாள மென்பொருளில் அந்தப் படத்தைப் போட்டால், அது ஏற்கெனவே சேர்த்துவைத்த முகங்களோடு ஒப்பிட்டுப் பார்க்கும். மத்திய அரசின் கணினி ஆராய்ச்சி நிறுவனமான சி-டாக்கின் கொல்கத்தா பிரிவு உருவாக்கியது அது.

"தப்பு செய்யாதவனுக்கு என்ன பயம்?" என்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆயிரத்தில் ஒரு முகத்தை மட்டும் தப்பாகச் சொல்லும் கருவி என்றே வைத்துக்கொள்வோம். 20,000 பேர் கூடும் ஆடிக் கிருத்திகையில் 20 பேர் சும்மா மாட்டுவார்கள். தேடப்படும் ஆள் அந்தக் கூட்டத்துக்கு வராமலே இருந்திருக்கலாம். டெல்லி போலீஸ் 2022-ல் ஒரு தகவல் அறியும் உரிமைச் சட்ட (ஆர்.டி.ஐ.) பதிலில், 80 சதவீதத்துக்கு மேல் ஒத்துப்போனால் பொருந்தியதாக எடுத்துக்கொள்வோம் என்றது. மீதி 20 யாருடைய மூக்கோ!

நம் காவல்துறையின் முக அடையாளத் தளத்துக்குள்ளேயே 2024 மே மாதம் வெளியாள் புகுந்தது செய்தியானது. போதாததற்கு, சில சாதிகளையே குற்றவாளிகளாக்கிய வெள்ளைக்காரர் காலத்துக் குற்றப் பரம்பரைச் சட்டத்தில் கைரேகை வைத்த குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுடைய அவநம்பிக்கையை அறியாமை என்று ஒதுக்குவது நியாயமில்லை.

ஆனால் அவநம்பிக்கையை ரோட்டில் சண்டையாகக் காட்டினால் நஷ்டம் நமக்குத்தான். காகிதமாக்க வேண்டும். 2022-ம் ஆண்டின் குற்றவியல் நடைமுறை (அடையாளம் காணல்) சட்டம், தண்டனை பெற்றவர், கைதானவர், தடுப்புக் காவலில் இருப்பவர், நன்னடத்தைப் பிணை எழுதித் தரச் சொல்லப்பட்டவர் ஆகியோரிடம்தான் போட்டோ, ரேகை, கருவிழிப் பதிவு எடுக்கச் சொல்கிறது. மற்றவர்களிடம் எடுக்க மாஜிஸ்திரேட் உத்தரவு வேண்டும். டீக்கடையில் நிற்பவர் இந்தப் பட்டியலில் இல்லை.

அதனால் நிதானமாக, "சார், எந்த கேஸுக்கு எடுக்கறீங்க? எந்த ஸ்டேஷன்?" என்று கேளுங்கள். பதில் வராவிட்டாலும் போனைப் பிடுங்காதீர்கள், கையைத் தட்டிவிடாதீர்கள். அரசு ஊழியரைத் தடுத்ததாக வழக்கு வரும். நேரம், இடம், வண்டி நம்பர், சட்டையில் உள்ள பேர் இவற்றை வீட்டுக்குப் போனதும் எழுதிவையுங்கள்.

பிறகு எஸ்.பி. அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு ஆர்.டி.ஐ. மனு. 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் போதும், 30 நாளில் பதில் வர வேண்டும். பெரும்பாலான மனுக்கள் "ஏன் எடுத்தீர்கள்?" என்று கேட்டே தோற்கின்றன. ஆவணமாக இருப்பதைத்தான் அவர்கள் தர வேண்டும், விளக்கத்தை அல்ல. ரோந்தில் படமெடுக்க அனுமதிக்கும் சுற்றறிக்கையின் நகல், பொருந்தாத படத்தை எத்தனை நாள் வைத்திருக்கலாம் என்ற உத்தரவு என்று கேளுங்கள். விசாரணையைக் கெடுக்கும் தகவலைத் தர வேண்டாம் என்னும் ஆர்.டி.ஐ. பிரிவு 8(1)(h) காட்டி மறுத்தால், விசாரணை எப்படிக் கெடும் என்று சொல்லாத மறுப்பு செல்லாது எனச் சுட்டிக்காட்டி, 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யலாம்.

கைதாகிப் போட்டோ, ரேகை எடுக்கப்பட்டவர்களுக்கு வேறு பிரச்சினை. பதிவுகள் 75 ஆண்டு இருக்கும். ஆனால் முன்பு தண்டனை பெறாதவர் விடுதலையாகி, மேல்முறையீடெல்லாம் முடிந்திருந்தால், நீதிமன்றம் வேறுவிதமாகச் சொல்லாதவரை அவை அழிக்கப்பட வேண்டும். அது தானாக நடக்கும் என்று உட்கார்ந்திருக்காதீர்கள். தீர்ப்பின் சான்றிட்ட நகலோடு எழுத்தில் கேளுங்கள்.

கடைக்காரர்களுக்கும் ஒன்று. கேமராப் பதிவுப் பெட்டியை (டி.வி.ஆர்.) கழற்றிக் கொடு என்று போலீஸ் வந்தால், புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். பிரிவு 94-ன்படி எழுத்துமூல உத்தரவு கேளுங்கள். தேவையான நேரத்தை மட்டும் பென்டிரைவில் தருவதாகச் சொல்லிப் பாருங்கள். எடுத்துத்தான் போவேன் என்றால் பறிமுதல் மகசர் (எடுத்த பொருளின் பட்டியல்) நகல் வாங்காமல் விடாதீர்கள். நான்கு கேமரா, ஒவ்வொன்றும் நொடிக்கு 4 மெகாபிட் பதிவு செய்தால் 1 டி.பி. டிஸ்க் ஆறு நாளில் நிரம்பி, பழையதன்மேல் புதியது ஏறும். உள்ளே பட்டன் பேட்டரி செத்திருந்தால் கரண்ட் போய் வந்ததும் கடிகாரம் பழைய வருஷத்துக்கு ஓடிவிடும். அந்தத் தப்பு நேரம் யாரோ ஒருவரைச் சம்பவ இடத்தில் நிறுத்திவிடும். நகல் கொடுக்கும்போது திரை நேரத்தையும் சரியான நேரத்தையும் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.

ஸ்டேஷனுக்குள் அடி விழுந்தால், அங்கிருக்கும் கேமரா நம் பக்கம். 2020 டிசம்பர் 2 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் லாக்கப், வராண்டா, வாசல் எங்கும் ஒலியோடு பதிவு வேண்டும், 18 மாதம் வைத்திருக்க வேண்டும் என்றது. அவ்வளவு கொள்ளும் கருவி கிடைக்காவிட்டால் குறைந்தது ஓராண்டு. தேதி, மணி, உள்ளே போன வாசல் எல்லாம் எழுதி, "அழிக்காமல் பாதுகாக்கவும்" என்று எஸ்.பி.க்கு ஒப்புகையோடு தபால் அனுப்புங்கள். "அன்றைக்குக் கேமரா ரிப்பேர்" என்று பதில் வரலாம். பழுதை உடனே மாவட்டக் கண்காணிப்புக் குழுவுக்குச் சொல்வது ஸ்டேஷன் பொறுப்பு அதிகாரியின் கடமை என்று அதே தீர்ப்பு சொல்கிறது. அந்தப் பழுது அறிக்கையின் நகலைக் கேளுங்கள்.