மூளைச்சாவு: யார் சொல்வது, யார் கேட்பது, எப்போது?

தலையில் அடிபட்டு ஐசியூவில் இருப்பவரின் நெஞ்சு வென்டிலேட்டரால் ஏறி இறங்குகிறது. மானிட்டரில் துடிப்பு ஓடுகிறது. கையைத் தொட்டால் சூடு. இந்த நிலையில் "இறந்துவிட்டார்" என்றால் எந்தத் தாய் நம்புவாள்? தமிழ்நாட்டில் 2008 முதல் நடக்கும் உறுப்பு தானத் திட்டத்தின் மீது மக்களுக்கு நம்பிக்கை வருவதும் போவதும் இந்தக் கட்டிலருகேதான். மருத்துவ அறநெறிக்கு வேலையும் இங்கேதான்.

இதயம் துடித்தாலும் மூளைத்தண்டு செயலிழந்து இனி மீளவே முடியாத நிலைதான் மூளைச்சாவு. அதை நான்கு மருத்துவர்கள் உறுதிசெய்ய வேண்டும் என்கிறது 1994-ஆம் ஆண்டு மனித உறுப்பு மாற்றுச் சட்டம். உறுப்பு எடுக்கும் குழுவைச் சேர்ந்த எவரும் அந்த நால்வரில் இருக்கக் கூடாது. சோதனைகளைக் குறைந்தது 6 மணி நேர இடைவெளியில் இருமுறை செய்ய வேண்டும். அதற்கு முன், மயக்க மருந்தும் தசைத் தளர்வு மருந்தும் உடலை விட்டு இறங்கியிருக்க வேண்டும். ரத்த அழுத்தம், உடல் வெப்பம், சோடியம், சர்க்கரை எல்லாம் சரியாக இருக்க வேண்டும். தவறு அதிகம் நேர்வது, தானாக மூச்சு வருகிறதா என்று பார்க்கும் அப்னியா சோதனையில். முதலில் 100% ஆக்சிஜன் கொடுத்து, ரத்த வாயு அளவை எடுத்துக்கொண்டு, பிறகே வென்டிலேட்டரைக் கழற்ற வேண்டும். ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு 60 மி.மீ. பாதரச அளவைத் தாண்டியும் நெஞ்சும் வயிறும் அசையவில்லை என்றால்தான் மூச்சு இல்லை என்று பொருள். நடுவில் ரத்த அழுத்தம் விழுந்து நிறுத்த நேர்ந்தால் அந்தச் சோதனை முடியவில்லை. முடிந்ததாக எழுதவே கூடாது. குடும்பத்தில் விரும்பும் ஒருவரை அருகில் நின்று பார்க்கச் சொல்லலாம். பல நிமிடங்கள் அசையாத நெஞ்சைக் கண்ணால் பார்ப்பது எந்த விளக்கத்தையும்விடப் புரியும்.

"மெஷின்ல உயிரோட வெச்சிருக்கோம்" என்ற சொல் வாயில் வரவே கூடாது. இறப்பைச் சிகிச்சை மருத்துவர் சொல்லட்டும். அழுது ஓய அவகாசம் கொடுத்த பிறகு, தானம் பற்றி மருத்துவமனையின் உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பாளர் பேசட்டும். இரண்டையும் ஒரே மூச்சில் பேசினால், உறுப்புக்காகத்தான் இறந்ததாகச் சொல்கிறார்கள் என்ற சந்தேகம் வரும். அந்தச் சந்தேகம் ஊர் முழுக்கப் பரவும்.

உறுப்புகளைப் பராமரிக்கவும் எடுக்கவும் ஆகும் செலவைத் தானம் தரும் குடும்பத்திடம் வாங்கக் கூடாது என்பது 2014 விதி. சம்மதப் படிவத்தில் கையெழுத்தான நேரத்தைக் குறித்து, பில்லிங் பிரிவுக்கு எழுத்தில் அனுப்புங்கள். வாய்மொழியாகச் சொன்னால் மறந்துபோகும். விபத்து வழக்கு என்றால் காவல் நிலையத்துக்கும் பிரேதப் பரிசோதனை மருத்துவருக்கும் உடனே தகவல் போக வேண்டும். இல்லையென்றால் உடலுக்காகக் குடும்பம் பிணவறை வாசலில் காத்துக்கிடக்கும்.

வேண்டாம் என்று சொல்லும் குடும்பத்தின் நிலைதான் இன்னும் சிக்கல். இந்தச் சட்டம் மூளைச்சாவைப் பேசுவது உறுப்பு தானத்துக்காக மட்டுமே. அதனால் தானம் இல்லாதபோது வென்டிலேட்டரை நிறுத்த மருத்துவர்கள் தயங்குகிறார்கள். தானத்தோடு முடிச்சுப் போடாமல் மூளைச்சாவை உறுதிசெய்யும் வழிகாட்டுதலைக் கேரள அரசு 2020-ல் வெளியிட்டது. எல்லா மாநிலங்களும் இதை எழுதிவைக்க வேண்டும். அதுவரை, இறந்துவிட்ட பிள்ளைக்கு ஐசியூ கட்டணம் நாள்கணக்கில் ஏறிக்கொண்டேதான் இருக்கும்.