எலியை மட்டும் கொன்னா பிளேக் போயிடுமா?

பிளேக்னாலே நம்மாளுங்களுக்கு அது தாத்தா காலத்து சமாச்சாரம், கோயமுத்தூர்ல பிளேக் மாரியம்மன் கோயில் இருக்கு, அத்தோட முடிஞ்சது கதை. ஆனா 2010ல இருந்து 2015 வரைக்கும் மட்டும் உலகத்துல 3,248 பேருக்கு பிளேக் வந்து 584 பேர் செத்திருக்காங்க. காங்கோ, பெரு, மடகாஸ்கர்னு மூணு நாட்டுல இன்னிக்கும் விடாம இருக்கு. இதுல மடகாஸ்கர் தான் எனக்கு ரொம்ப சுவாரஸ்யமான கேஸ், ஏன்னா 1898க்கு முன்னாடி அந்தத் தீவுல பிளேக்கே கிடையாது. 1894ல ஹாங்காங், 1896ல பம்பாய், அப்படியே கப்பல் கப்பலா ஏறி 1898ல தொவமசினா துறைமுகத்துல இறங்குச்சு, 1921ல மலைமேல இருக்குற தலைநகர் அண்டனானரிவோ வரைக்கும் போயிடுச்சு. உலகத்துல எத்தனையோ துறைமுகத்துல வந்து ஆடிட்டு தானா அடங்கிப்போன நோய், இங்க ஏன் குடும்பம் நடத்த ஆரம்பிச்சுது?

அதுக்கு முதல்ல தெள்ளுப்பூச்சி கதை தெரியணும். எலி கிட்ட இருந்து மனுஷனுக்கு இது தெள்ளுப்பூச்சி வழியா தான் வருதுன்னு 1898ல கராச்சியில பால் லூயி சிமோன்னு ஒரு பிரெஞ்சு டாக்டர் காட்டினார், பல வருஷம் யாரும் அவரை நம்பல. எப்படி பரப்புதுங்கறது 1914ல தான் தெளிவாச்சு. பூச்சியோட வயித்துக்கு சற்று முன்னாடி ஒரு வால்வு இருக்கு, கிருமி அங்க பசையா ஒரு படலம் கட்டி பாதையையே அடைச்சுடும். பூச்சி எவ்ளோ உறிஞ்சினாலும் ரத்தம் உள்ள இறங்காது, பசி தாங்காம திரும்பத் திரும்ப கடிக்கும், உறிஞ்சின ரத்தம் அந்த அடைப்புல மோதி கிருமியையும் கூட்டிக்கிட்டு கடிவாய்க்கே திரும்பி வந்துடும். கடைசியில பூச்சியும் பட்டினியில சாகும். (அடைப்பு வர்றதுக்கு முன்னாடியே கூட ஓரளவு பரப்ப முடியும்னு பின்னால கண்டுபிடிச்சாங்க.) கடிபட்ட ஆளுக்கு காய்ச்சல் வந்து தொடை இடுக்குலயோ அக்குள்லயோ நெறி கட்டி வீங்கும். அதுவே நுரையீரலுக்கு ஏறிட்டா அப்புறம் எலியும் வேணாம் பூச்சியும் வேணாம், இருமினாலே பக்கத்துல இருக்குறவங்களுக்கு ஒட்டிக்கும்.

எலி செத்து உடம்பு ஆறினதும் தெள்ளுப்பூச்சி இறங்கி வேற சூடான உடம்பைத் தேடும். நம்ம ஊர்கள்ல அந்தக் காலத்துல எலி செத்து விழ ஆரம்பிச்சா வீட்டை காலி பண்ணிட்டு தோட்டத்துல கொட்டாய் போட்டு தங்குவாங்களே, பூச்சி பத்தி ஒண்ணும் தெரியாமலே செஞ்ச ரொம்ப சரியான காரியம் அது.

எல்லா எலியும் செத்துட்டா நோயும் அதோட சாகணும் இல்லையா. மடகாஸ்கர் மலைப்பகுதியில அது தான் நடக்கல. அங்க பரப்புறது நம்ம வீட்டுல ஓடுற கருப்பு எலியே தான், ஆனா நூறு வருஷமா அடி வாங்கி வாங்கி, பிளேக் இல்லாத இடத்து எலிகளை விட அந்த மலை எலிகள் கிருமியை ரொம்ப நல்லா தாங்குதுன்னு சோதனையில தெரிஞ்சிருக்கு. கிருமி பொழைக்கணும்னா கொஞ்சம் எலி சாகணும், கொஞ்சம் தாங்கணும், ரெண்டும் அங்க இருக்கு. அது போக அந்தத் தீவுக்கே உரிய ஒரு தெள்ளுப்பூச்சி வயல்லயும் புதர்லயும் இருக்குற எலி மேல வாழுது, 800 மீட்டர் உயரத்துக்கு மேல தான் அது அதிகம், பிளேக் வர்ற இடமும் கிட்டத்தட்ட அதே கோடு தான். செப்டம்பர் அக்டோபர்ல எலி குறையும், பூச்சி பெருகும், அப்ப பூச்சி என்ன பண்ணும்? கிடைச்சவங்களை கடிக்கும். செப்டம்பர்ல இருந்து ஏப்ரல் வரை தான் அங்க பிளேக் சீசன். கடலோரத்துல மஹஜங்கா நகரத்துல 60 வருஷத்துக்கு மேல காணாம போய் 1991ல திரும்ப வந்தப்ப அதுல நம்ம மூஞ்சூறுக்கும் பங்கு இருந்துச்சு.

2017ல இது கிராமத்தை விட்டு நகரத்துக்கு வந்துடுச்சு. ஆகஸ்ட்ல மலேரியா மாதிரி காய்ச்சலோட மலைப்பகுதியில இருந்து ஷேர் வேன்ல கிளம்பின ஒருத்தர் வழியிலேயே இறந்துட்டார், கூட வந்தவங்க கிட்ட இருந்து நுரையீரல் பிளேக் சங்கிலியா பரவி நவம்பர் கடைசிக்குள்ள எல்லா வகை பிளேக்கும் சேர்த்து 2,417 கேஸ், 209 சாவு. இந்த 2,417ல பாதிக்கு மேல லேப்ல உறுதியாகாத கேஸ் தான், அதையும் சொல்லிடணும், இருந்தாலும் சின்ன விஷயம் இல்ல.

இப்ப கட்டுப்படுத்துறது. எல்லாருக்கும் முதல்ல தோணுறது எலி மருந்து. பிளேக் நடக்குற நேரத்துல அதை மட்டும் வெச்சா எலி சாகும், பூச்சி மொத்தமும் வீட்டுக்குள்ள நம்ம மேல ஏறும். அதனால பூச்சியை முதல்ல கொல்லணும், எலி அப்புறம். மடகாஸ்கர்ல இதுக்கு ஒரு பெட்டி வெக்கிறாங்க, உள்ள தீனி, வாசல்ல பூச்சிமருந்து பவுடர், எலி தின்ன வரும்போது ரோமத்துல பவுடர் ஒட்டிக்கும், அதுவே வளைக்குள்ள கொண்டு போய் சேர்த்துடும். நல்ல ஐடியா, ஆனா அங்க தெள்ளுப்பூச்சிங்க பல இடத்துல டெல்டாமெத்ரின்ங்கற பூச்சிமருந்துக்கே அசராம போச்சு. ஆளுக்கு வந்தா ஸ்ட்ரெப்டோமைசின், ஜென்டாமைசின், டாக்சிசைக்ளின் மாதிரி ஆன்டிபயாடிக் எல்லாம் சீக்கிரமா குடுத்தா நல்லா கேட்கும், தாமதமானா நுரையீரல் பிளேக்ல பொழைக்கிறது கஷ்டம். அதனால தான் அண்டனானரிவோல இருக்குற பாஸ்டர் இன்ஸ்டிடியூட் 15 நிமிஷத்துல ரிசல்ட் சொல்ற ஒரு பட்டை டெஸ்ட் உருவாக்குச்சு, கிராமத்துலயே பண்ணிக்கலாம். 1995ல அங்க அம்பலவாவோ பக்கம் ஒரே நேரத்துல பல ஆன்டிபயாடிக்குக்கு மசியாத கிருமி ஒண்ணும் கிடைச்சிருக்கு, நல்லவேளை அது பெருசா பரவல.

காட்டு எலி வளைக்குள்ள இருக்குறதை அடியோட ஒழிக்கிறது நடக்காத காரியம், கண்காணிக்கலாம் அவ்ளோதான். நம்ம பக்கத்துலயும் ஓசூர், கோலார், மாலூர் வட்டாரத்து வெள்ளெலிகள்ல பழைய பிளேக் மண்டலம் ஒண்ணு இருக்கு, பெங்களூர்ல இருக்குற மத்திய அரசு பிளேக் பிரிவு அங்க எலி புடிச்சு, ரத்தம் எடுத்து, மேல இருக்குற தெள்ளுப்பூச்சியை சீவி எண்ணிக்கிட்டு இருக்கு.