டர்னிப்ல இலை மட்டும் காடா வளருது, கிழங்கு எங்க போச்சு?

டர்னிப் போட்டவங்க பாதிப் பேர் சொல்றது இதுதான், மேல இலை தளதளன்னு நிக்குது, புடுங்கிப் பாத்தா அடியில எலிவால் மாதிரி ஒரு வேர். நெருக்கமா விட்டாலும் இப்படி ஆகும், அதனால செடிக்குச் செடி 10 செ.மீ. இடைவெளி இருக்கான்னு மொதல்ல பாருங்க. அது சரியா இருந்தும் இப்படின்னா, சத்து பத்தலன்னு நெனச்சு இன்னும் ஒரு கை யூரியா அள்ளிப் போட்றாதீங்க, அனேகமா சத்து கூடிப்போனதுதான் காரணம்.

கிழங்குங்கறது செடியோட சேமிப்பு. இலை வெயில்ல சர்க்கரை தயாரிக்குது, தன் செலவு போக மிச்சத்தைக் கீழ அனுப்புது, அது வேரோட மேல்பகுதியிலயும் அதுக்கு மேல இருக்கற தண்டுத் துண்டுலயும் சேர்ந்து உருண்டையா வீங்குது. தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், அளவுக்கு மேல கெடைச்சுட்டே இருந்தா செடி புது இலை விட்டுக்கிட்டே இருக்கும், சர்க்கரையெல்லாம் அந்த இலையக் கட்டவே செலவாயிடும், அப்புறம் கீழ போறதுக்கு என்ன இருக்கு? யூரியாவுல 46 சதவீதம் நைட்ரஜன், சின்ன பாத்திக்கு ஒரு கைப்பிடியே ரொம்ப அதிகம்.

டர்னிப் 40லிருந்து 60 நாள்ல முடிஞ்சுடுற பயிர். அதனால விதைக்கறதுக்கு ரெண்டு மூணு வாரம் முன்னாடியே நல்லா மக்கின தொழுவுரத்த மண்ணுல கலந்துட்டா பெரும்பாலும் அதுவே போதும்னுதான் நான் சொல்வேன். பச்சை சாணம் வேண்டவே வேண்டாம், வேர் கவட்டையாப் பிரியும். மூணாவது வாரத்துல இலை வெளிறித் தெரிஞ்சா மட்டும் கொஞ்சமா மேலுரம், கிழங்கு பருக்க ஆரம்பிச்சப்புறம் நைட்ரஜன் பக்கமே போகாதீங்க. சாம்பல் சத்து, அதாவது பொட்டாசியம், வேற மாதிரி, இலையில இருக்கற சர்க்கரை கிழங்குக்கு எறங்கி வர்றதுக்கே அது வேணும். அதுக்காக விறகுச் சாம்பல் போடலாம், ஆனா அது மண்ணோட காரத்தன்மைய ஏத்தும், பிஎச், அதாவது அமில-கார அளவு, 6லிருந்து 7க்குள்ள நிக்கறது நல்லது.

ஏன்னா காரம் ஏறினா, போரான்ங்கற நுண்சத்து மண்ணுல இருந்தாலும் செடிக்குக் கெடைக்காது. செல் சுவர்ல பசை மாதிரி இருக்கற பெக்டினை ஒண்ணோட ஒண்ணு பிணைக்கறது போரான்தான், பழைய இலையில இருக்கறத எடுத்துப் புது வளர்ச்சிக்குக் குடுக்கவும் டர்னிப்பால பெருசா முடியாது, அதனால வேகமாப் பருக்கற கிழங்கோட நடுப்பகுதி மொதல்ல அடி வாங்கும். வெளிய பளபளன்னு இருக்கும், வெட்டினா உள்ள பழுப்பா நீர் கோத்து நிக்கும், பாக்கவே மனசு கஷ்டமா இருக்கும். போராக்ஸ்ங்கற உப்புல 11 சதவீதம் போரான் இருக்கு, ஆனா தேவைக்கும் விஷத்துக்கும் நடுவுல இடைவெளி ரொம்பக் கம்மி, மண் பரிசோதனை பண்ணாம தொடாதீங்க. கூடிப்போனா அடுத்து அதே பாத்தியில போடற பீன்ஸுக்கு இலை ஓரமெல்லாம் கருகிடும்.