திருகினால் திறக்கணும், அமுக்கினால் கசியக் கூடாது

குழந்தைக்கு நடு இரவில் வீசிங் வந்து மருத்துவமனைக்கு ஓடியவர்கள் இதைப் பார்த்திருப்பார்கள். நர்ஸ் ஒரு அலுமினிய உறையைக் கிழிப்பார், உள்ளே ஐந்து பிளாஸ்டிக் ஆம்பூல்கள் வாழைப்பழச் சீப்பு மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும், ஒன்றைப் பிய்த்துத் தலையைத் திருகி, இரண்டரை மில்லி மருந்தை நெபுலைசர் கோப்பையில் பிழிந்து விடுவார். பத்து வினாடி வேலை. கத்தரிக்கோல் இல்லை, ஊசி இல்லை, கண்ணாடிச் சிதறல் இல்லை.

அந்தத் தலையை ஒருமுறை உற்றுப் பாருங்கள். மாதக்கணக்காக ஒரு கிருமிகூட உள்ளே நுழையாத அளவுக்கு அது இறுக மூடியிருக்க வேண்டும். ஆனால் தூக்கக் கலக்கத்தில் இருக்கும் ஒருவர் இரண்டு விரலால் திருகினால் உடனே கழன்றுவிட வேண்டும். இந்த இரண்டு வேலையையும் ஒரே இடம் செய்வதில்லை. மேலே பிளாஸ்டிக்கை உருக்கி ஒட்டிய சீல், அதற்குச் சில மில்லிமீட்டர் கீழே அச்சிலேயே வேண்டுமென்று மெலிதாக்கி விட்ட முறியும் கோடு. சீல் போடுகிற சூடு அந்தச் சில மில்லிமீட்டரைத் தாண்டிக் கீழே இறங்கினால் மெலிந்த கோடு உருகித் தடித்துப்போகும், அப்புறம் நர்ஸ் கத்தரிக்கோலைத் தேட வேண்டியதுதான்.

ஆம்பூலுக்கு சீலிங் மெஷின் வாங்கக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது ‘மணிக்கு எத்தனை அடிக்கும்?’ என்றுதான். என்னைக் கேட்டால் அது கடைசிக் கேள்வி. முதல் கேள்வி, உங்கள் ஆம்பூல் எந்தப் பிளாஸ்டிக்?

பழைய பெட்டிக்கடைகளில் பாலிதீன் பையின் வாயை ஹேக்ஸா பிளேடில் மடித்து, மெழுகுவத்திச் சுடரில் ஒரு இழுப்பு இழுத்து ஒட்டுவார்கள். கடலை மிட்டாய்க்கு அது போதும். அந்தப் பைக்கும் ஆம்பூலுக்கும் அறிவியல் ஒன்றேதான். பாலிஎத்திலீன், அதாவது அந்தப் பாலிதீன், மிக நீளமான மூலக்கூறுச் சங்கிலிகளின் குவியல். சாதாரணப் பசை எதுவும் அதில் சரியாகப் பிடிக்காது, அதனால் உருக்கித்தான் இணைக்க வேண்டும். உருகிய இரண்டு பரப்புகளை அழுத்தினால் இந்தப் பக்கத்துச் சங்கிலிகள் அந்தப் பக்கத்துக்குள் ஊர்ந்து போய்ப் பின்னிக்கொள்ளும், சூடான இரண்டு இடியாப்பத்தை ஒன்றன்மேல் ஒன்று வைத்து அமுக்கின மாதிரி. ஆறும்போது இரண்டு பக்கத்துச் சங்கிலிகளும் சேர்ந்தே படிகமாக இறுகும், எது எந்தப் பக்கம் என்ற கோடே இருக்காது.

அதற்கு வெப்பம், அழுத்தம், நேரம் மூன்றும் வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். நான்காவது ஒன்று உண்டு, அதைத்தான் மறந்துவிடுகிறோம்: ஆறி இறுகும்வரை அமுக்கிப் பிடித்திருப்பது. கழுத்தைக் கவ்விய சூடான உலோகத் தாடை விட்டதும் உடனே குளிர்ந்த தாடை வந்து பிடிக்கவில்லை என்றால், உள்ளே சூட்டில் விரிந்த காற்று, இன்னும் இளகிய நிலையில் இருக்கும் சீலைத் தள்ளிப் பிரித்துவிடும். ஆக, குளிரவைக்கும் நிலையம் தனியாக இல்லாத மெஷினைக் காட்டினால் கொஞ்சம் யோசியுங்கள்.

சரி, இந்தக் கதையின் உண்மையான வில்லன் ஒரு சொட்டுத் தண்ணீர். ஆம்பூல்களில் அதிகம் பயன்படும் தாழ் அடர்த்திப் பாலிஎத்திலீன் உருகுவது சுமார் 110 டிகிரி செல்சியஸில். தண்ணீர் கொதிப்பது 100-ல். நிரப்பும் ஊசி வெளியே வரும்போது கழுத்தில் ஒரு சொட்டு சிந்தியிருந்தால், பிளாஸ்டிக் உருகுவதற்கு முன்பே அந்தச் சொட்டு ஆவியாகி, இரண்டு சுவர்களுக்கும் நடுவில் தனக்கென்று ஒரு வழி போட்டுக்கொள்ளும். வெளியே பார்த்தால் சீல் அழகாக இருக்கும், உள்ளே முடி போல ஒரு கால்வாய் ஓடும். மருந்தில் உப்போ சர்க்கரையோ இருந்தால் இன்னும் மோசம், தண்ணீர் போனபிறகு அந்தத் தூள் ஒட்டுகிற இடத்திலேயே தங்கிவிடும். சீலிங் சரியில்லை என்று வெப்பத்தை ஏற்றிக்கொண்டே போகிறவர்கள் பல நேரம் பார்க்க வேண்டியது அதற்கு முந்தைய, நிரப்பும் நிலையத்தை. ஊசி வெளியேறும் முன் சொட்டைத் திரும்ப உறிஞ்சிக்கொள்கிறதா, கழுத்தின் சுவரைத் தொடாமல் வருகிறதா என்று பாருங்கள்.

இனி முறைகள். காலி ஆம்பூல்களை வாங்கி நிரப்பி மூடுகிற சிறிய ஆலைக்கு எளிமையானது சூட்டுத் தாடை. டெஃப்ளான் பூசிய இரண்டு உலோகத் துண்டுகள் கழுத்தைக் கவ்வும். மலிவு, பழுது பார்ப்பதும் சுலபம். குறை என்னவென்றால், சூடு வெளிச் சுவரிலிருந்து உள்ளே போக வேண்டும், அதனால் உட்பக்கம் உருகும்போது வெளிப்பக்கம் அளவுக்கு மீறிச் சுட்டிருக்கும். திரையில் தெரியும் வெப்பநிலையையும் அப்படியே நம்ப வேண்டாம், உணரி தாடைக்குள் ஆழத்தில் இருந்தால் கழுத்தைத் தொடும் பரப்பு அதைவிடக் குறைவாகவே இருக்கும். நிக்ரோம் கம்பியில் ஒரு நொடி மின்சாரம் பாய்ச்சும் வகையும் உண்டு, காலையில் போட்ட முதல் சீலும் நூறாவது சீலும் ஒரே மாதிரி வராது, ஏனென்றால் தாடை கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேறிக்கொண்டே இருக்கும். மருந்துக்கு நான் அதைச் சிபாரிசு செய்ய மாட்டேன்.

மீயொலி முறை வேறு விதம். நொடிக்கு 20,000 தடவையோ அதற்கு மேலோ அதிரும் ஒரு உலோகக் கொம்பு கழுத்தை அமுக்கும், சூடு சுவர்கள் உரசும் இடத்திலேயே பிறக்கும், கொம்பு அவ்வளவாகச் சுடாது. கீழே இருக்கும் மருந்துக்குச் சூடு பரவுவது குறைவு, அதிர்வு அந்த வில்லன் சொட்டையும் கொஞ்சம் ஒதுக்கித் தள்ளிவிடும். பாலிஎத்திலீன் மெத்தென்ற பிளாஸ்டிக் என்பதால் அதிர்வை விழுங்கிவிடும், ஆகவே கொம்பு ஒட்ட வேண்டிய இடத்துக்கு மிக அருகில் இருக்க வேண்டும். விலையும் அதிகம், நுண்துகள் உதிர்கிறதா என்று தனியாகச் சோதிக்கவும் வேண்டும்.

‘ஹை ஃப்ரீக்வென்சி’ வெல்டிங் என்று யாராவது விற்க வந்தால், எந்தப் பிளாஸ்டிக்குக்கு என்று கேளுங்கள். ரேடியோ அலை, முனைவு கொண்ட (ஒரு பக்கம் நேர்மின்னும் மறுபக்கம் எதிர்மின்னும் சாய்ந்த) மூலக்கூறுகளைத்தான் ஆட்டிச் சூடாக்கும். பிவிசி-க்கு அது அருமையாக வேலை செய்யும், இரத்தப் பைகளின் குழாயை அப்படித்தான் மூடுகிறார்கள். பாலிஎத்திலீனும், ஆம்பூலுக்குப் பயன்படும் இன்னொரு பிளாஸ்டிக்கான பாலிப்ரொப்பிலீனும் அந்த அலையைக் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது.

பெரிய அளவுக்குப் போனால் தனி சீலிங் மெஷின் என்ற பேச்சே மறைந்துவிடுகிறது. 1960-களில் ஜெர்மனியின் கெர்ஹார்ட் ஹான்சன் உருவாக்கிய ஊது-நிரப்பு-மூடு முறையில், பிளாஸ்டிக் மணிகள் உருகிக் குழலாக இறங்கும், அச்சு அதைக் கவ்வி ஆம்பூலாக்கும், ஊசி மருந்தை நிரப்பி விலகும், மேல் அச்சு மூடித் தலையைச் சேர்த்துவிடும், எல்லாம் சில வினாடிகளில், கை படாமல். நெபுலைசர் ஆம்பூல்களும் ஒருமுறைக்கான கண் சொட்டு மருந்துகளும் பெரும்பாலும் இப்படி வருபவையே. இங்கே சீலுக்கென்று மறுபடி சூடேற்ற வேண்டியதில்லை, பிளாஸ்டிக் பிறந்த சூடே போதும். முதலீடு பெரியது, அளவோ வடிவமோ மாற்றினால் புது அச்சு வேறு.

அப்புறம், ஆம்பூலை மூடிய பிறகு ஆட்டோகிளேவில் (அழுத்த நீராவியில் கிருமி நீக்கும் கருவியில்) வைப்பீர்களா? அதன் வழக்கமான 121 டிகிரியைத் தாழ் அடர்த்திப் பாலிஎத்திலீன் தாங்காது, அதைப் பொதுவாக முழுக்கக் கிருமியற்ற சூழலிலேயே நிரப்பி மூட வேண்டும். பாலிப்ரொப்பிலீன் உருகுவது 160 டிகிரிக்குப் பக்கத்தில், அதனால் அது தாங்கும். ஆனால் உள்ளே காற்றும் நீராவியும் முட்டும், வெளியிலிருந்து கூடுதல் காற்றழுத்தம் கொடுக்காவிட்டால் வலுவான சீல்கூடப் பிதுங்கிவிடும்.

மூடியதைச் சோதிப்பதும் மெஷின் தேர்வில் சேர்ந்ததுதான். 2023 ஆகஸ்டு முதல் நடைமுறையில் இருக்கும் ஐரோப்பிய விதிப்படி, உருக்கி மூடிய 100 மில்லி வரையிலான கலன்களை ஒன்றுவிடாமல் கசிவுச் சோதனை செய்ய வேண்டும், கண்ணால் பார்ப்பது சோதனைக் கணக்கில் வராது. வேகமான வழி உயர் மின்னழுத்தச் சோதனை: பிளாஸ்டிக் மின்சாரத்தைத் தடுக்கும், ஓட்டை இருந்தால் உள்ளே இருக்கும் உப்புக் கரைசல் வழியே மின்னோட்டம் தாவும். ஊசிக்கான தூய நீர் மின்சாரத்தை அவ்வளவாகக் கடத்தாது, எண்ணெய் கடத்தவே கடத்தாது. மருந்து அந்த வகை என்றால், ஆம்பூலை வெற்றிட அறையில் வைத்துக் கசிவு பார்க்கும் முறைக்கு இடம் ஒதுக்கி வையுங்கள்.

மெஷின் பார்க்கப் போகும்போது அவர்கள் வைத்திருக்கும் மாதிரி ஆம்பூலில் ஓட்டிக் காட்டினால் தலையாட்டிவிட்டு வராதீர்கள். உங்கள் ஆம்பூல், உங்கள் மருந்து இரண்டையும் கொண்டுபோங்கள். அரை மணி நேரம் தொடர்ந்து ஓட்டச் சொல்லி, கடைசியில் வந்த பத்தைத் திருகித் திறந்து பாருங்கள். அப்படியே ஒரு பத்து ஆம்பூலின் கழுத்தில் வேண்டுமென்றே ஒரு சொட்டு விட்டு சீல் போடச் சொல்லி, அதை மெத்திலீன் நீலச் சாயத்தில் அமுக்கி, வெற்றிடத்தில் வைத்து எடுங்கள். எத்தனை ஆம்பூலுக்குள் நீலம் இறங்கியிருக்கிறது என்று எண்ணி முடித்த பிறகு, மணிக்கு எத்தனை அடிக்கும் என்று கேட்கலாம்.