முப்பது மீட்டர் ஓட்டத்தின் நேரம்: எவ்வளவு நம்பலாம்?

கால்பந்து அகாடமிகளும் விளையாட்டு விடுதிகளும் நடத்தும் தேர்வு முகாம்களில் உடற்திறன் பயிற்சியாளராக நிற்கும் என்னிடம், பெற்றோர் முதலில் சொல்வது பிள்ளையின் ஓட்ட நேரத்தைத்தான். "முப்பது மீட்டரை நாலரை விநாடியில் ஓடுவான் சார்" என்பார்கள். யார் அளந்தார்கள், எந்தக் கருவியால் அளந்தார்கள், எங்கே நிற்கவைத்து ஓடவிட்டார்கள் என்று திருப்பிக் கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. இம்மூன்றும் தெரியாத நேரத்தை நான் குறிப்பேட்டில் ஏற்றுவதில்லை.

கையால் அழுத்தும் ஸ்டாப்வாட்சில், ஓடச் சொல்லும் சைகைக்குப் பிறகே விரல் அழுந்துவதால் தொடக்கத்தில் சற்றுத் தாமதம் நேர்கிறது. முடிவுக்கோட்டிலோ ஓடி வருபவர் கண்ணெதிரே நெருங்குவதால் அந்தத் தாமதம் ஏற்படுவதில்லை. ஆகவே கையால் எடுத்த நேரம் உண்மையைவிடக் குறைவாகவே விழும். தடகளத்தில் 100 மீட்டர் ஓட்டத்தின் கைநேரத்தை மின்னணு நேரத்தோடு ஒப்பிடுவதற்கு 0.24 விநாடியைக் கூட்டிக்கொள்வது நெடுநாள் வழக்கம். முப்பது மீட்டரில் அந்த அளவு, தேர்வான பிள்ளைக்கும் திருப்பி அனுப்பப்பட்ட பிள்ளைக்கும் உள்ள முழு வித்தியாசத்தையும் விழுங்கிவிடும். ஒளிக்கதிரால் நேரம் எடுக்கும் கருவியும் குறையற்றதன்று. ஒற்றைக் கதிரை உடம்புக்கு முன்பே வீசிய கை வெட்டிவிடலாம்; ஓடுபவர் கதிருக்கு ஒரு மீட்டர் பின்னால் நின்று புறப்பட்டால், வேகம் எடுத்த பிறகே கடிகாரம் ஓடத் தொடங்கும். ஒரு முகாமின் நேரத்தை இன்னொரு முகாமின் நேரத்தோடு வைத்துப் பார்ப்பது இதனாலேயே தவறாகிறது.

இந்த வகைச் சோதனைகளில் உலகறிந்தது, பந்தைக் கையில் ஏந்தியும் ஆடும் அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல். அணிகளுக்காக இண்டியானாபொலிஸ் நகரில் நடக்கும் தேர்வு முகாமின் 40 கெஜ ஓட்டம். மீட்டர் கணக்கில் 36.58. அங்கே துப்பாக்கி வெடிப்பதில்லை. வீரரின் முதல் அசைவைக் கண்டு ஒருவர் கையால் கடிகாரத்தைத் தொடக்க, முடிவில் மின்னணுக் கருவி அதை நிறுத்துகிறது. அதனால் அந்த நேரத்தை, துப்பாக்கி வெடித்ததிலிருந்தே கணக்கிடப்படும் உசைன் போல்ட்டின் பந்தய நேரத்தோடு ஒப்பிடும் காணொளிகளை நான் பொருட்படுத்துவதில்லை. 2017இல் ஜான் ராஸ் என்ற வீரர் அந்த முகாமில் 4.22 விநாடியில் ஓடி அன்றைய சாதனையைப் படைத்தார். எல்லா அணிகளும் முறைவைத்துப் புது வீரர்களை எடுக்கும் தேர்வில், சின்சினாட்டி அணி அவரை ஒட்டுமொத்தத்தில் ஒன்பதாவது ஆளாகத் தேர்ந்தெடுத்தது. ஆனால் களத்தில் அந்த வேகத்துக்கு ஏற்ற ஆட்டம் அவரிடமிருந்து வரவில்லை. பந்தைப் பிடிப்பவர்களில் எக்காலத்துக்கும் சிறந்தவராகப் பலர் கருதும் ஜெர்ரி ரைஸோ இந்த ஓட்டத்தால் பெயர் பெற்றவர் அல்லர்.

அந்த முகாமில் முழு நேரத்தோடு முதல் பத்து கெஜத்துக்கான நேரத்தையும் தனியே குறிக்கிறார்கள். நம்மூரிலும் பின்பற்றத்தக்க வழக்கம் இது. கபடி, ஹாக்கி, கால்பந்து ஆகியவற்றில் பெரும்பாலான பாய்ச்சல்கள் குறுந்தொலைவில் முடிந்துவிடுகின்றன; அங்கே பலன் தருவது புறப்படும் வேகமே. உச்சவேகம் வேறொரு திறன். 2009இல் பெர்லினில் 9.58 விநாடியில் ஓடிய போல்ட் தம் உச்சத்தைத் தொட்டது 60 மீட்டரைத் தாண்டிய பிறகுதான்.

பெற்றோர் அதிகம் கவனிக்கத் தவறுவது வளர்ச்சியை. ஆண்பிள்ளைகள் வேகமாக உயரும் பருவம் பெரும்பாலும் 13, 14 வயதில் வருகிறது. ஒரே வகுப்பில் படித்தாலும் அதை முன்கூட்டியே கடந்தவன் நீண்ட காலும் தசையும் பெற்று முந்துகிறான், இன்னும் வளராதவன் திறமையிருந்தும் பின்தங்குகிறான். ஒரே ஓட்டத்தில் பிள்ளைகளைக் கழித்துவிடும் முகாம்கள் மீது எனக்கு மதிப்பில்லை. உயரத்தைச் சில மாதங்களுக்கு ஒருமுறை அளந்து குறித்துவைத்திருக்கும் பெற்றோர், மறுசோதனை கேட்கும்போது அந்தக் குறிப்பைக் காட்டலாம்.

இரவெல்லாம் பேருந்தில் வந்து, மரநிழலில் மணிக்கணக்கில் காத்திருந்த பிள்ளையை நேராக முழுவேகத்தில் ஓடவிடுவதே எனக்கு மிகுந்த கவலை தருகிறது. கால் முன்னே வீசப்பட்டுத் தரையைத் தொடுமுன் தொடையின் பின்தசை நீண்டு பெரும் இழுவிசையைத் தாங்குகிறது. அது கிழிவது பெரும்பாலும் அந்தக் கணத்தில்தான். மெல்லோட்டத்துக்குப் பின் படிப்படியாக வேகம் கூட்டிய சில ஓட்டங்களும், ஒவ்வொரு முயற்சிக்கும் இடையே குறைந்தது மூன்று நிமிட ஓய்வும் தேவை. முன்பு அந்தத் தசை கிழிந்த பிள்ளைக்கு மீண்டும் கிழியும் வாய்ப்பு அதிகம் என்பதால், தேர்வு கைநழுவுமோ என்று மறைக்காமல், பெயர் பதியும்போதே அதைச் சொல்லிவிடுங்கள்.