இடர்ப்படி: ஊக்கத்தொகை அன்று

கொரோனாப் பெருந்தொற்றுக் காலத்தில் மருத்துவப் பணியாளர்களுக்குத் தரப்பட்ட பணம் பற்றிய ஒரு மொழிபெயர்ப்பை அண்மையில் படித்தேன். ஸ்காட்லாந்து 'நன்றி' என்று சொல்லிக் கொடுத்த பணம், கனடாவின் ஒன்ராறியோ மணிக்கணக்கில் கூட்டிக் கொடுத்த ஊதியம், இந்தியாவில் ஊர்தோறும் சுகாதாரப் பணி செய்யும் ஆஷா பணியாளர்களுக்கு வந்த மாதாந்திரத் தொகை ஆகிய மூன்றும் அதில் இருந்தன. மூலத்தில் மூன்றுக்கும் மூன்று பெயர்கள். தமிழில் மூன்றும் 'ஊக்கத்தொகை'. 2020 முதல் நாளிதழ்களிலும் அறிக்கைகளிலும் இதே சொல்லைப் படித்துப் படித்துச் சலித்துவிட்டேன். ஆபத்தான வேலைக்குக் கூடுதலாகத் தரும் பணத்துக்கு இது பெயரே அன்று. அதற்கு நம்மிடம் 'இடர்ப்படி' என்ற சொல் இருக்கிறது.

போனஸ், இன்சென்டிவ் என்ற ஆங்கிலச் சொற்களின் வேர்களை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். போனஸ் என்பது 'நல்லது' என்று பொருள்படும் இலத்தீன் சொல். இன்சென்டிவ் என்பதும் இலத்தீன் வழி வந்ததே. பாட்டை எடுத்துக் கொடுத்துப் பிறரைப் பாடவைப்பது அதன் மூலப்பொருள், அங்கிருந்து தூண்டுதல் என்றானது. ஊக்கத்தொகை இந்த இரண்டாம் சொல்லுக்கு நேரான தமிழ். அந்த அளவில் அதில் பிழையில்லை. நெல்லுக்குக் குவிண்டாலுக்கு இவ்வளவு என்று ஆதரவு விலைக்கு மேல் அரசு கூட்டிக் கொடுப்பது ஊக்கத்தொகை. பதக்கம் வென்ற வீராங்கனைக்குக் கொடுப்பதும் அதுவே. இன்னும் விளையட்டும், இன்னும் வெல்லட்டும் என்று தூண்டுகிற பணம்.

தீநுண்மி வார்டில் பாதுகாப்பு உடைக்குள் வியர்வையில் நனைந்து ஆறு மணி நேரம், எட்டு மணி நேரம் நின்ற செவிலியரை எதற்குத் தூண்ட வேண்டும்? அவரிடம் எந்த ஊக்கம் குறைந்திருந்தது? வள்ளுவர் ஊக்கமுடைமைக்கென்று ஓர் அதிகாரமே வைத்தார். 'ஆக்கம் அதர்வினாய்ச் செல்லும் அசைவிலா ஊக்க முடையா னுழை' என்கிறது 594ஆம் குறள். தளராத ஊக்கம் உடையவன் இருக்கும் இடத்துக்குச் செல்வம் தானே வழி கேட்டுக்கொண்டு போகும் என்பது பொருள். ஊக்கம் முன்னே, பணம் பின்னே. நம் சொல் அந்த வரிசையைத் தலைகீழாக்குகிறது. பணத்தைக் காட்டினால்தான் இவர்களுக்கு ஊக்கம் வரும் என்று சொல்கிறது. வார்டை விட்டு ஓடாமல் நின்றவர்களைப் பற்றிய அவதூறு இது.

ஓடாமல் நிறுத்துவதற்கென்றே கொடுத்த பணம் வரலாற்றில் இல்லாமல் இல்லை. 1917இல் அகமதாபாத்தில் பிளேக் பரவியபோது தொழிலாளர்கள் ஊரை விட்டு வெளியேறத் தொடங்கினார்கள். அவர்களை இருத்தி வைக்க ஆலை முதலாளிகள் கூலிக்கு மேல் ஒரு தொகை கொடுத்தார்கள். 'பிளேக் போனஸ்' என்று அதற்குப் பெயர். சிலருக்கு அது கூலியில் 70, 80 விழுக்காடு வரை போனது. கொள்ளைநோய் தணிந்ததும் 1918 தொடக்கத்தில் நிறுத்திவிட்டார்கள். அதற்குள் போரினால் விலைவாசி ஏறியிருந்தது. தொழிலாளர்கள் 50 விழுக்காடு உயர்வு கேட்டார்கள், முதலாளிகள் 20க்கு மேல் இல்லை என்றார்கள். கதவடைப்பு வந்தது. 35 விழுக்காடே நியாயம் என்று காந்தி நின்றார், உண்ணாவிரதம் இருந்தார். அனசூயா சாராபாய் தொழிலாளர் பக்கம், அவருடைய தம்பி அம்பாலால் முதலாளிகள் பக்கம். பிளேக் போனஸை ஊக்கத்தொகை என்று மொழிபெயர்த்தால் நான் மறுக்க மாட்டேன். தூண்டுவதற்குத் தந்த பணம் என்பதால்தான் தேவை தீர்ந்த அன்றே அதை நிறுத்த முடிந்தது. ஊக்கத்தொகைக்குக் கொடுப்பவரின் தேவையே அளவு. வாங்குபவர் பட்ட பாட்டுக்கும் அதற்கும் தொடர்பில்லை. சொல்லில் இருக்கும் இந்த ஓரவஞ்சனை கணக்கிலும் வந்து நிற்கிறது.

2021 மே மாதம் தமிழ்நாடு அரசின் அறிவிப்பு வந்தது. இரண்டாம் அலையில் பணியாற்றியோருக்கு ஏப்ரல், மே, ஜூன் ஆகிய மூன்று மாதங்களுக்கான ஊக்கத்தொகையாக மருத்துவர்களுக்கு 30,000 ரூபாய், செவிலியர்களுக்கு 20,000, பிற பணியாளர்களுக்கு 15,000. கொடுத்ததைக் குறை சொல்லவில்லை, கொடுக்காத அரசுகள் உண்டு. ஆனால் இந்த மூன்று படிநிலைகள் எதை அளக்கின்றன? நோயாளியின் படுக்கையை அடிக்கடி நெருங்குபவர் செவிலியர். வாந்தியையும் சளியையும் துடைப்பவர் தூய்மைப் பணியாளர். ஊக்கத்தொகை என்று பெயர் வைத்தால் இந்தக் கேள்விக்கு இடமே இல்லை. ஊக்கத்துக்கு அளவுகோல் கிடையாது என்பதால் பதவிக்கேற்பக் கொடுத்துவிடலாம். இடர்ப்படி என்று எழுதியிருந்தால், யாருக்கு இடர் அதிகம் என்ற கேள்வி கோப்பிலேயே எழுந்திருக்கும். 2020 மார்ச்சில் நடுவண் அரசு அறிவித்த 50 லட்சம் ரூபாய்க் காப்பீட்டில் மருத்துவருக்கும் ஆஷா பணியாளருக்கும் ஒரே தொகைதான். அது இடரை அளந்தது, பதவியைப் பார்க்கவில்லை.

2020 மார்ச்சில் தமிழக முதலமைச்சர் சட்டப்பேரவையில் அறிவித்தது மருத்துவர், செவிலியர், தூய்மைப் பணியாளருக்கு ஒரு மாதச் 'சிறப்பு ஊதியம்'. ஓராண்டில் ஊதியம் ஊக்கமாகிவிட்டது. இந்த மாற்றத்தை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

இதில் அதிகம் இழப்பவர்கள் ஆஷா பணியாளர்கள். நாடு முழுவதும் ஏறத்தாழ 10 லட்சம் பெண்கள். வீடு வீடாகச் சென்று காய்ச்சல் கணக்கெடுத்தார்கள். அரசு ஏடுகளில் அவர்கள் தன்னார்வலர்கள், அதனால் அவர்கள் பெறுவது ஊதியம் ஆகாது, ஒவ்வொரு வேலைக்கும் இவ்வளவு என்ற ஊக்கத்தொகைதான். பெருந்தொற்றுப் பணிக்காகக் கூடுதலாக மாதம் 1,000 ரூபாய் வந்தது, அதுவும் அதே பெயரில். 2022இல் உலக சுகாதார நிறுவனம் அவர்களுக்கு விருது கொடுத்தது. ஊதியம் என்ற சொல் இன்னும் கிடைக்கவில்லை. சொல்லில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் அவர்களிடம் கேட்கட்டும்.

மற்றச் சொற்களையும் பார்த்துவிடலாம். 'கருணைத்தொகை' சட்டக் கடமை இல்லாமல் கொடுப்பது. தீபாவளி நேரத்தில் கூட்டுறவு ஆலைத் தொழிலாளர்களுக்கு '8.33 விழுக்காடு போனஸ், 11.67 விழுக்காடு கருணைத்தொகை' என்று செய்தித்தாள்கள் தெளிவாகப் பிரித்து எழுதுகின்றன. கூட்டுறவு ஆலைக்குக் காட்டுகிற அந்தக் கவனத்தை மருத்துவமனைக்கும் காட்டலாம். 'மிகையூதியம்' எனக்குப் பிடிக்காது. மிகை என்றாலே வேண்டாதது என்ற நிழல் விழுகிறது, மிகைபடக் கூறலை நன்னூல் குற்றங்களில் வைக்கிறது. சட்டத்தின்படி தருவதைப் போனஸ் என்றே எழுதலாம். தொழிலாளர் நாவில் நூறாண்டு புழங்கிய சொல்லைத் தூய்மையின் பெயரால் விரட்ட வேண்டியதில்லை. 'வெகுமதி', 'சன்மானம்' இரண்டும் மேலிருந்து கீழே கொடுப்பவை. 2020 மே மாதத்தில் மருத்துவமனைகள் மேல் ஹெலிகாப்டரிலிருந்து பூத்தூவிப் பணியாளர்களைப் போர் வீரர்கள் என்றார்களே, அந்த மனநிலைக்கு ஏற்ற சொற்கள். வீரருக்கு வெகுமதி தரலாம். உழைப்பவருக்குத் தர வேண்டியது கூலி.

இனி 'படி'. படி ஓர் அளவு, அளந்து நாள்தோறும் கொடுக்கும் உணவு. படியளக்கிறவன் என்று கடவுளைச் சொல்கிறோம். கோயில் கணக்கில் நாள்வழிபாட்டுக்கு அளந்து தரும் படித்தரம் உண்டு. அகவிலைப்படி, பயணப்படி, வீட்டு வாடகைப்படி எல்லாம் இதன் கிளைகள். இலங்கைத் தமிழில் 'கொடுப்பனவு' என்பார்கள், அதுவும் நல்ல சொல். படி என்றால் காரணமும் அளவும் உடையது என்று பொருள். விலை ஏறினால் அகவிலைப்படி ஏற வேண்டும். இடர் இருக்கும்வரை இடர்ப்படி இருக்க வேண்டும். காவல்துறைக்கு இந்தச் சொல் ஏற்கெனவே வழக்கில் இருக்கிறது, நான் புதிதாகச் செய்யவில்லை.

இச்சொல்லுக்குள் நியாயத்தைப் பற்றிய ஒரு பழங்கதையும் இருக்கிறது. திருவீழிமிழலையில் பஞ்சம். அடியாருக்கு உணவளிக்க இறைவன் சம்பந்தருக்கும் அப்பருக்கும் நாள்தோறும் பலிபீடத்தில் ஒவ்வொரு பொற்காசு வைத்தான். படிக்காசு என்று அதற்குப் பெயர். அப்பரின் காசு முழு மதிப்பில் செல்லுபடியானது. சம்பந்தரின் காசுக்குக் கடைத்தெருவில் வட்டம் பிடித்தார்கள், அதாவது மதிப்பைக் குறைத்தே வாங்கினார்கள், அவர் மடத்தில் சோறு தாமதமானது. 'வாசி தீரவே காசு நல்குவீர்' (வாசி என்பது அந்தக் கழிவு) என்று பாடித்தான் அவர் குறையைத் தீர்த்துக்கொண்டார். அப்பரின் காசு ஏன் குறைவற்றதாக இருந்தது என்பதற்குப் பெரியபுராணம் தரும் காரணம், அவர் கைத்தொண்டு செய்தவர் என்பது. புல் செதுக்கும் உழவாரம் பிடித்து உடல் வருந்தியவருக்கு வாசியில்லாக் காசு. தூய்மைப் பணியாளருக்கு 15,000 என்று எழுதியபோது இந்தக் கதை யாருக்காவது நினைவுக்கு வந்திருக்கலாம்.

'இடர் என்பது அச்சமூட்டும் சொல், ஊக்கம் மங்கலமானது' என்று ஒரு மறுப்பு வரும். அச்சமூட்டும் வேலைக்குத்தானே அந்தப் பணம்? மங்கலத்துக்காக உண்மையை மறைப்பதை அழைப்பிதழ்களோடு நிறுத்திக்கொள்ளலாம்.

மொழிபெயர்ப்பாளர்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான்: பணம் எதற்காகத் தரப்பட்டது என்று பார்த்துவிட்டுப் பெயர் எழுதுவது. 2020 நவம்பரில் ஸ்காட்லாந்து அறிவித்த 500 பவுண்டு 'நன்றித்தொகை'. வேல்ஸ் 2021இல் வரி போகப் பெரும்பாலோர் கையில் 500 நிற்கட்டும் என்று 735 பவுண்டாக்கியது, அதையும் நன்றித்தொகை என்றே சொல்லலாம். ஒன்ராறியோவில் மணிக்கு 4 டாலர் கூட்டினார்கள், அதற்குத் தகுதி பெற்ற எந்தப் பதவிக்கும் அதே 4 டாலர். அது ஐயமில்லாமல் இடர்ப்படி. எழுதும்போது ஒற்று விடாதீர்கள். நீர்க்குடம், வேர்க்கடலை போல இடர்ப்படி. 'இடர்படி' என்பது பிழை.